பாதிக் கத்திரி

சின்னவளுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பால் பொங்குவதற்குள் நாலு தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவள் போய், ஒரு சொட்டை இன்னொரு சொட்டில் விட்டுவிட்டு அது என்ன ஆகிறதென்று நாளெல்லாம் தவம் கிடக்கிற ஆய்வுக்கூட வேலையில் சேர்ந்தாள் பாருங்கள், அதைத்தான் தலையெழுத்து என்பது.

அவளுக்கு ஒரே அக்கா, பெரியவள். பெரியவளுக்கு ஒரே மகள். வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவளுக்கு மைனா என்று பெயர். மைனாவுக்கு நடை தாமதமாகத்தான் வந்தது. வந்த நடையும் ஐந்து வயதில் தள்ளாட ஆரம்பித்தது. டம்ளரை எடுக்கப் போனால் கை டம்ளரைத் தாண்டிப் போகும். ஒன்பது வயதில் வீட்டுக்குச் சக்கர நாற்காலி வந்தபோது, இனிமேல் நீங்கள்தான் என் டிரைவர், சம்பளம் மட்டும் கேட்கக் கூடாது என்று அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். எந்த நோயும் அந்த வாயைத் தொடப் பயந்தது.

டாக்டர்கள் பார்க்காத சோதனையில்லை. கடைசியில் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து ஒரு சங்கதி சொன்னார்கள். ஒரு நொதியைச் செய்கிற மரபணுவில், அம்மாவிடமிருந்து வந்த பிரதியில் ஒரு எழுத்தும் அப்பாவிடமிருந்து வந்த பிரதியில் வேறொரு எழுத்தும் மாறியிருக்கின்றன. இந்த மாற்றங்களை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆகவே இதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பதில் தெரியாதவன் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுவான் இல்லையா, அந்த மாதிரி நீட்டி முழக்கிச் சொன்னார்கள்.

பெரியவளுக்கு அந்த முழக்கமெல்லாம் காதில் ஏறவில்லை. காரணம் என்னவென்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். அவள் ஒரு டிரை கிளீனிங் கடை நடத்தியவள். மைனாவை வயிற்றில் வைத்துக்கொண்டு எட்டாம் மாதம் வரை அந்த மருந்து வாடையில் நின்றாள். அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அளந்து பேசுகிற மனுஷன். அவள் கர்ப்பமாக இருந்தபோது ஒரே ஒரு நாள், இந்த நாற்றத்தில் நிற்கத்தான் வேண்டுமா என்று கேட்டார். அதோடு சரி. குழந்தைக்கு இப்படி ஆனபிறகு அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் பெரியவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கடையை விற்றாள். மைனாவைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், உடற்பயிற்சி சொல்லித்தரும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆனால் குழந்தையின் முகத்தை மட்டும் நேருக்கு நேர் பார்ப்பதை விட்டுவிட்டாள். தலை வாரும்போது வகிட்டைப் பார்ப்பாள். ஊட்டும்போது ஸ்பூனைப் பார்ப்பாள். இதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தாள். சின்னவள் கவனித்தாள், கவனித்துவிட்டு வயிறு எரிந்தாள்.

மரபணு என்கிறார்களே அக்கா, கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நாள் சண்டைக்கே போனாள். பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"அந்த எழுத்தை மாத்தினது யாரு? உங்க அத்தான் பங்கு எப்படி வந்ததோ போகட்டும். என் பங்கு என் கடையில வந்தது. அந்த மருந்து என் ரத்தத்துல ஏறித்தான் மாத்தியிருக்கு. நீ உன் கூடத்துல வச்சுப் பாத்துச் சொல்லுடி. என்னாலயா இல்லையான்னு மட்டும் சொல்லு. ஆமான்னாலும் சொல்லிடு, தாங்கிக்கறேன்."

நொதி வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்கலாம். யாரால் என்று பார்க்க எந்த ஊரில் கருவி இருக்கிறது? ஆனாலும் சின்னவள் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள். அதுவரை வேறு நொதிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவள், இந்தப் புதியதைப் பற்றி அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தாள். படித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டாள்.

சங்கதி இதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் புரதங்கள் ஓயாமல் உழைக்கின்றன; உழைத்து உழைத்து ஒரு நாள் கெட்டுப்போகின்றன. கெட்டதை வீட்டோடு வைத்துக்கொண்டால் வீடு நாறிவிடும். ஆகவே செல் அதன்மேல் ஒரு சீட்டை ஒட்டுகிறது. அந்தச் சீட்டும் ஒரு குட்டிப் புரதம்தான். யூபிக்விட்டின் என்று வாயில் நுழையாத பெயர். ஒரு சீட்டின்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று சங்கிலியாகக் கோக்கும். சங்கிலி தொங்குகிற புரதத்தைக் கண்டால் அதை அரைக்கிறதற்கென்றே இருக்கும் இயந்திரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் புரதத்தின் கதை அதோடு முடிந்தது. ஆனால் சங்கிலியை அரைக்காது. அதைக் கழற்றி வெளியே விட்டுவிடும். அப்படிக் கழன்று மிதக்கிற சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வெட்டி, ஒற்றைச் சீட்டுகளாக்கி, மறுபடி புழக்கத்துக்கு அனுப்புவதுதான் நம் நொதியின் வேலை. அது ஒரு கத்திரி.

அந்தக் கத்திரி வெட்டுகிற அழகைவிட வெட்டாமல் விடுகிற அழகில்தான் சின்னவள் விழுந்தாள். இன்னும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிற சங்கிலியையும் அது பார்க்கும், அதைச் சீந்தாது. முதலில் சங்கிலியின் வாலைத் தடவிப் பார்க்கும். வால் எதிலாவது கட்டப்பட்டிருந்தால், இதற்கு இன்னும் வேலை இருக்கிறது என்று போய்விடும். வால் சும்மா தொங்கினால்தான் அது கத்திரியின் உடம்பிலுள்ள ஒரு சின்னப் பள்ளத்தில் போய்ப் பொருந்தும். பொருந்தினால்தான் கத்திரி வெட்டும். கண் கிடையாது, மூளை கிடையாது, சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. இருட்டில் தடவிப் பார்த்தே எது முடிந்தது எது முடியவில்லை என்று தெரிந்துகொள்கிறது. அடேயப்பா! மனுஷர்களில் எத்தனை பேருக்கு இந்த விவஸ்தை இருக்கிறது?

ஆய்வுக்கூடத்தின் தலைவி ஒரு அம்மாள். கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும் என்பதால் அவர் முதுகுக்குப் பின்னால் மிளகாய் மேடம் என்று பெயர். அக்கா மகளின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று சின்னவள் போய் நின்றதும் மடல் லேசாகச் சிவந்தது. சொந்தக்காரர் ரத்தத்தைப் பார்க்கிறவளுக்கு இருப்பது தெரியாது, இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதுதான் தெரியும் என்றார். ஆனால் மேடம் கல் நெஞ்சக்காரி இல்லை. அனுமதியெல்லாம் முறைப்படி வாங்கிவிட்டு, ஒரு நிபந்தனை போட்டார். எந்தக் குழாயில் யார் ரத்தம் என்று சின்னவளுக்குத் தெரியக் கூடாது. சக ஊழியர் ஒருவர் குழாய்களுக்கு எண் போட்டு அந்த விவரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சக ஊழியருக்கு ஜோசியர் என்று பெயர். ஒவ்வொரு சோதனையின் முடிவையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். பத்து வருஷத்தில் ஒன்றும் பலித்ததில்லை. மைனா, பெரியவள், அத்தான் மூவரின் ரத்தமும் வந்து சேர்ந்ததும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆரோக்கியமான ரத்தமும் வேண்டுமே என்றார் ஜோசியர். சின்னவள் பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள். அந்தக் கூடத்தில் அது வழக்கம்தான். அவளுக்கு நரம்பு நன்றாகப் புடைத்துத் தெரியும், ஊசிக்குப் பயமும் கிடையாது. ஆகவே எந்தச் சோதனைக்கு நல்ல ரத்தம் வேண்டுமென்றாலும் அவள் கைதான். ஜோசியரும் பழக்கதோஷத்தில் ஊசியைக் குத்தினார். இருவர் படித்த படிப்பையும் அடுக்கினால் கூரையை முட்டும். இருந்தும் அந்த நிமிஷம் இருவர் மண்டையிலும் ஒன்றும் உறைக்கவில்லை.

ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து உடைத்தாள். ஒவ்வொன்றிலும் சுத்தமான சீட்டுச் சங்கிலியை விட்டு உடம்புச் சூட்டில் வைத்தாள். நடுநடுவே ஒரு சொட்டு எடுத்து, அதில் வெட்டு மேலே நடக்காதபடி நிறுத்தினாள். பிறகு அந்தச் சொட்டுகளையெல்லாம் பாகு மாதிரி உறைந்த ஒரு மெல்லிய தகட்டில் ஓடவிட்டு நீலச் சாயம் ஏற்றினாள். சங்கிலி கனமானது, மேலேயே தங்கிவிடும். ஒற்றைச் சீட்டு லேசு, கீழே இறங்கிவிடும். கத்திரி வேலை செய்தால் மேல்கோடு அழிந்து கீழ்க்கோடு தடிக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

சாயம் ஏற்றிய தகடு முதலில் முழுக்க நீலமாக இருக்கும். கழுவக் கழுவத்தான் கோடுகள் வெளியே வரும். சின்னவள் தட்டை ஆட்டிக்கொண்டே நின்றாள். ஜோசியர் எட்டிப் பார்த்து, நாலில் மூன்று நன்றாக வரும், பாருங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் வாக்கல்லவா, வந்தது பாருங்கள் கோலம். ஒரு குழாயில் மேல்கோடு அப்படியே கல்லாக நின்றது. மற்ற மூன்றிலும் மேல்கோடு பாதிதான் கரைந்திருந்தது, மூன்றும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. ஆரோக்கியமான ரத்தம் என்று ஒன்று இருந்திருந்தால் அது இந்நேரம் சங்கிலியைத் தின்று ஏப்பம் விட்டிருக்க வேண்டும். அப்படி ஒன்றையும் காணோம். சோதனை பாழ். சங்கிலி கெட்டதா, சூடு குறைந்ததா என்று தலையைப் பிய்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் அதே மூன்று பாதி, ஒரு பூஜ்யம். அவள் தகட்டைத் தூக்கிக்கொண்டு மேடம் அறைக்குப் போனாள். அக்காவிடம் போய் எதைச் சொல்வது?

மேடம் தகட்டை விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜோசியரைக் கூப்பிட்டார்.

"நார்மல் யாரோட ரத்தம்?"

ஜோசியர் சின்னவளைப் பார்த்தார். சின்னவள் தன் கையைப் பார்த்தாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடத்தில் இன்னும் பழுப்பாக ஒரு பொட்டு இருந்தது.

மேடத்தின் காது மடல் கிடுகிடுவென்று சிவந்தது. கூடப் பிறந்தவள் ரத்தத்தையா சம்பந்தமில்லாத ரத்தம் என்று வைத்தீர்கள், நீங்கள் இருவரும் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்று பிடித்துக்கொண்டார். எட்டு வருஷமாக இவள் ரத்தத்தைத்தானே நார்மல், நார்மல் என்று எல்லாச் சோதனைக்கும் போட்டோம் என்று நினைத்து ஒரு கணம் வெளுத்தும் போனார். அந்தச் சோதனைகளுக்கும் இந்தக் கத்திரிக்கும் சம்பந்தமில்லை என்று ஞாபகம் வந்தபிறகுதான் மூச்சு வந்தது. எல்லாம் ஆனபிறகு சட்டைக் கையைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார்.

"என்னோடதை எடு."

மேடத்தின் ரத்தம் அன்றைக்குச் செய்ததைச் சின்னவள் சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். முதல் சொட்டிலேயே மேல்கோடு மங்கியது. அடுத்ததில் நிழல். அதற்கடுத்ததில் துடைத்துவிட்ட மாதிரி வெறுமை. கீழே மட்டும் கரு நீலத்தில் தடித்த கோடு. மேடத்தின் முதுகுக்குப் பின்னால் சின்னவளே நினைத்துச் சிரிக்கிற அந்தச் சிவந்த காதிலும், பேனா பிடித்துப் பிடித்துத் தேய்ந்த அந்த விரலிலும், இது நொடிக்கு நொடி நடந்துகொண்டிருக்கிறது. யாரும் ஏவவில்லை. சின்னவளுக்குக் கை கூப்பத் தோன்றியது; கையுறையில் சாயம் இருந்ததால் விட்டுவிட்டாள்.

பக்கத்தில் அவளுடைய வரிசை. இந்த முறை வேண்டுமென்றே நெடுநேரம் சூட்டில் வைத்திருந்தாள். பாதிதான் கரைந்தது என்று பார்த்தோமே, அது நின்றுவிடவில்லை. மெல்ல மெல்ல, அடுத்தடுத்த சொட்டில், அந்தப் பாதிக் கத்திரியே மிச்சத்தையும் வெட்டிக் கடைசியில் மேல்கோட்டை இல்லாமல் செய்திருந்தது. கடைக்கோடியில் மைனாவின் வரிசை என்று இப்போது ஜோசியர் வாய்விட்டே சொன்ன வரிசை. மேல்கோடு கல். ஆனால் அதற்குக் கீழே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், மயிரிழை மாதிரி ஒரு நீலம். வேறு யார் யாரோ நொதிகள், தங்கள் வேலையில்லாத வேலையைத் தெரிந்தவரை செய்து கொடுத்திருந்தன. அடுத்த வாரம் சின்னவளின் மரபணுவைப் படித்ததில், பெரியவளுக்கு மாறியிருந்த அதே எழுத்து அவளுக்கும் மாறியிருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே பூதமே தண்ணீர் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்தது.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனாள். நாலாவது மாடி, குறுகலான கூடம், ஜன்னலோரம் சக்கர நாற்காலி. மைனா உள்ளறையில் ரேடியோவோடு போட்டி போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அத்தான் கூடத்து மூலையில் நாற்காலியின் பிரேக்கைக் கழற்றிப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். பெரியவள் எதுவும் கேட்காமல் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கேட்கத் தைரியமில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

சின்னவள் கத்திரியைப் பற்றி விளக்கினாள். கடையில் துணிக்குத் துணி குத்துகிற டோக்கனைச் சொன்னதும் பெரியவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. டோக்கனைக் கழற்றிப் பெட்டியில் போடாவிட்டால் மறுநாள் குத்த டோக்கன் இருக்காது, அழுக்குத் துணி வாசல் வரை குவிந்துவிடும் என்று அவளே முடித்து வைத்தாள். மைனாவின் செல்லில் அதுதான் நடக்கிறது, சந்தேகமே இல்லை, இரண்டு பிரதியும் வேலை செய்யவில்லை என்றாள் சின்னவள். பெரியவள் வாய் திறக்குமுன் சின்னவள் தன் கையை மேஜைமேல் நீட்டினாள்.

"என் ரத்தமும் உன்னை மாதிரிதான்க்கா. பாதிதான் வேலை செய்யுது. உனக்கு எந்த எழுத்து மாறியிருக்கோ, அதே எழுத்து எனக்கும்."

பெரியவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் வலித்தது.

"உனக்கு ஏதாவது ஆயிடுமாடி?"

இத்தனை நாள் தன்னாலா தன்னாலா என்று செத்துக்கொண்டிருந்தவள் முதலில் கேட்ட கேள்வி இது. சின்னவளுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டாள். எனக்கு ஒன்றும் ஆகாது, பாதியே போதும், உனக்கு ஏதாவது ஆச்சா என்று அழுகைக்கு நடுவே திட்டினாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தான் அந்தக் கடைக்குள் ஒரு நாளாவது கால் வைத்ததுண்டா என்று கேட்டாள். வாடை பிடிக்காமல் எதிர்ச் சாரியிலேயே நின்று அக்காவைக் கூப்பிடுகிறவள் அல்லவா. பெரியவள் இல்லையென்று தலையை அசைத்தாள். அசைத்துக்கொண்டே இருந்தாள். கடை வைப்பதற்கு முன்னால், இருவரும் பிறப்பதற்கும் முன்னால், அம்மாவோ அப்பாவோ யாரோ ஒருவர் நோய் நொடி இல்லாமல் சுமந்து வந்து, இரண்டு பெண்களுக்கும் கொடுத்துவிட்டுப் போன எழுத்து அது. அது அவளுக்குள் இறங்க வெகுநேரம் பிடித்தது.

மூலையில் ஸ்பேனர் கீழே விழுந்தது. அத்தான் எழுந்து நின்றிருந்தார்.

"நான் கிரீஸ் கழுவற டிகிரீசர்னால வந்ததுன்னு நெனச்சேன்" என்றார். "லிஃப்ட் குழியில அதுலயேதான் கிடப்பேன். அதே கையோட வந்து உன் வயித்தைத் தொட்டுப் பாப்பேன்."

பெரியவள் அவரையே பார்த்தாள். இத்தனை வருஷம் அவர் வாய் திறக்காததற்கு அவள் எழுதி வைத்திருந்த அர்த்தம் முழுக்கத் தப்பு.

"பைத்தியமா நீங்க?" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" தானும்தான் சொல்லவில்லை என்பது உடனே உறைத்திருக்க வேண்டும். எழுந்து போய் அவர் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் ரத்தத்திலும் அதே சரிபாதிதான், அதுவும் பிறக்கும்போதே வந்த எழுத்துதான் என்றாள் சின்னவள்.

உள்ளே ரேடியோ நின்றுவிட்டது, மைனா மட்டும் நிறுத்தவில்லை. பெரியவள் அந்தப் பக்கம் திரும்பாமலே தங்கையிடம் கேட்டாள்.

"பாதி இருந்தாப் போதும்னியே. அவளுக்குத்தான் அந்தப் பாதியும் இல்லையே. அப்புறம் எப்படிடி?"

அதைச் சொல்லத்தான் சின்னவளும் காத்திருந்தாள். மயிரிழை மாதிரி தெரிந்த அந்த நீலக் கோட்டைச் சொன்னாள். மருந்து இன்றைக்கு இல்லை, நாளைக்கு வருமா என்று தெரியாது, பொய் சொல்ல மாட்டேன் என்றாள். ஆனால் கத்திரியே இல்லாத ஒரு உடம்பு, தனக்குச் சம்பந்தமில்லாத நொதிகளையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செல்லிலும் தினம் தினம் சமாளித்து, ஒன்பது வருஷம் வளர்ந்து, படித்து, நம்மையெல்லாம் கிண்டலும் செய்கிறதே, அதைத் தன் படிப்பில் எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை என்றாள். நான் அசந்துபோய்ப் பார்த்தேன் அக்கா, நம் நால்வரில் கெட்டிக்காரி அவள்தான் என்றாள்.

பெரியவள் உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். நெற்றியை, புருவத்தை, பாடிக்கொண்டே ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிற அந்த வாயை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மைனா பாட்டை நிறுத்தினாள்.

"என்னம்மா அப்படிப் பாக்கறே? மூஞ்சியில ஏதாவது ஒட்டியிருக்கா?"

"இல்லடி" என்றாள் அம்மா. "பாத்து நாளாச்சு."